பதினொரு முட்டைகளும் வேப்பெண்ணெயும்

அடைக்கோழியின் காலுக்கு எண்ணெய் போடக்கூடாது என்பது எனக்கு எழுபத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது. சென்ற மாதம் மருமகளின் நாலு கோழிகளில் இரண்டுக்குக் கால் சொறி வந்தது. கூடையில் வைத்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளம் கால்நடை மருத்துவர் தூக்கி நின்ற செதில்களைப் பார்த்துவிட்டு, "உள்ளார பூச்சிங்க ஐயா. சோப்புத் தண்ணியில கழுவி எண்ணெய் தடவுனீங்கன்னா மூச்சு முட்டிச் செத்துரும். அடையில இருக்கறதுக்கு மட்டும் வேண்டாங்க. முட்டை மேல பட்டா உள்ள இருக்கற குஞ்சும் மூச்சு முட்டிரும்," என்றார்.

முட்டை மூச்சு விடுமா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் விடும் என்றார். ஊர் வரும்வரை பஸ்ஸில் அத்தையின் பதினொரு முட்டைகளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டர், கணக்கு எழுதுபவர். அத்தை, அப்பாவின் தங்கை, கணவர் இறந்த பிறகு ஒரு தகரப் பெட்டியோடு கீழ்நாட்டிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தாள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அத்தை கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்தால் அதை நாலு நாள் சொல்வார். சீப்புக்கும் சோப்புக்கும் அண்ணன் முகத்தைப் பார்ப்பது அத்தைக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கொட்டச்சேட்டில் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. ஒரு கூட்டம் கோழி சேர்ந்துவிட்டால் அங்கே தனியாகப் போய்விடலாம் என்று அவளுக்கு எண்ணம். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு செம்புக்கோழி. தை மாதம் அதை அடை வைத்தாள். பதினொரு முட்டை.

முட்டைகளை எண்ணும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். எஸ்டேட் ஆபீசிலிருந்து அப்பா கொண்டுவந்த, பாதி எழுதிய பழைய நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. நாள், முட்டை எண்ணிக்கை, பனி, மழை, இடி எல்லாவற்றையும் அதில் எழுதினேன். ஐந்தாம் நாள் கோழி தீனிக்கு இறங்கியபோது நொண்டியது. பிடித்துப் பார்த்தால் வலக்காலில் பத்தொன்பது செதில்கள் தூக்கியிருந்தன, இடக்காலில் இருபத்து மூன்று. அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு.

சொறிக்கு வேப்பெண்ணெய் என்பது வகுப்பில் படித்தது. அத்தை காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தாள். ஒரு கரண்டி எண்ணெயை இரண்டு காலுக்கும் வழிய வழியத் தடவி, கோழியை முட்டைகளின் மேலேயே உட்கார வைத்தேன். மூன்று நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஐந்து முறை செய்தேன். எண்ணெய்ச் சட்டியோடு போன என்னைப் பார்த்து அம்மா, "வந்துட்டாரு பெரிய டாக்டரு! மொதல்ல உன் முட்டிச் சொறிக்குப் போடு," என்றாள். கடைசி முறைக்குள் கோழி நொண்டுவதை விட்டிருந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. குஞ்சுகள் பொரித்ததும் நோட்டைக் காட்டலாம் என்று இருந்தேன்.

இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் பொரிக்கவில்லை. இருபத்து நான்காம் நாள் கோழி தானாகவே கூடையை விட்டு இறங்கிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தோம். அத்தை கொல்லையில் குந்தி முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். பதினொன்றிலும் குஞ்சு பாதி வளர்ந்து நின்றுபோயிருந்தது. கடைசி முட்டையை உடைக்குமுன் மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாற்றம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பா ஆரம்பித்துவிட்டார். "முட்டைய எத்தன நாளு சேத்து வெச்ச? பழசா இருந்திருக்கும். உனக்கு எதுலதான் நிதானம் இருக்குது?"

"இடிங்கண்ணா," என்றாள் அத்தை. "இடி இடிச்சா அடை முட்டை கெட்டுருமுங்களே."

"அதுக்குத்தான கூடையில கரித்துண்டும் ஆணியும் போட்ட?"

"போட்டனுங்க. அதையும் மீறி நொம்பப் பெரிய இடிங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "இடியே இடிக்கலீங்கப்பா. இருவத்திநாலு நாளும் எழுதி வெச்சிருக்கறேன்," என்றேன்.

"நீ பள்ளிக்கூடம் போயிருப்ப கண்ணு."

"போனது பதினேழு நாள்தான் அத்தை. பள்ளிக்கூடம் இதே மலையிலதான இருக்குது? முட்டையும் பழசில்ல. எல்லாமே பதிமூணு நாளுக்குள்ள இட்டது. அதுவும் எழுதியிருக்கறேன்."

"செத்த நேரம் சும்மா இரு சாமி," என்றாள் அத்தை. அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

நான் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன். கணக்குப் பார்க்கிற கண் அவருடையது. முதல் வரியிலிருந்து விரலை வைத்து இறங்கினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அந்தப் பக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம். 'நாள் 11. மூன்றாம் முறை. இரண்டு காலுக்கும் ஒரு கரண்டி. முட்டைகளும் எண்ணெய் பட்டு மினுமினுப்பாக உள்ளன. மழை இல்லை. இடி இல்லை.'

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அப்பா நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"இடிதான்," என்றார். "சேர்வராயன் கோயில் பக்கம் இடிச்சா நமக்குக் கேக்காது. முட்டைக்குக் கேக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தாவது வரை படித்தவர், எஸ்டேட் கணக்கு முழுவதையும் வைத்திருப்பவர், எழுத்தில் சான்று இருந்தும் இதை நம்புகிறாரே என்று அன்று முழுவதும் வெட்கமாக இருந்தது. அந்த வருத்தத்தில், அதன் பிறகு அவர் அத்தையை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

சித்திரையில் அப்பா எங்கிருந்தோ பன்னிரண்டு முட்டை வாங்கிவந்து அத்தையிடம் கொடுத்தார். அடை வைப்பதற்கு நாலு நாள் முன்பே அத்தை என்னைக் கூப்பிட்டாள். "கண்ணு, உன் வைத்தியத்த இப்பவே முடிச்சிரு." நான் எண்ணெய் போட்டேன். அவள் அதைப் பழந்துணியால் ஒட்டத் துடைத்தாள். கால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கோழியை முட்டைகளின் மேல் உட்கார வைத்தாள். என் வைத்தியம் ஏற்கப்பட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டில் ஒன்பது பொரித்தன. அத்தை முந்தானையில் மூன்று குஞ்சுகளை அள்ளி வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா என் தோளில் கை வைத்து, "பாத்தியா, இந்தத் தடவ இடி இல்ல," என்றார்.

அந்த இருபத்தொரு நாளில் ஆறு முறை இடித்திருந்தது. தேதியோடு என்னிடம் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் காட்ட மனம் வரவில்லை. பாவம், எதையோ நம்பிக்கொண்டிருக்கிறார், எதற்குப் புண்படுத்த வேண்டும் என்று பெருந்தன்மையோடு நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.