பெரட்டுக் களத்தில் சுதர்ஷினி

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் சுதர்ஷினி. உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் நன்றாக வந்ததும், "டீச்சர் வேலைக்குப் போ புள்ள" என்றார்கள் எல்லாரும். அவள் வளிமண்டலவியல் படிக்கப் போகிறேன் என்றாள். கணக்கப்பிள்ளை செல்லசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மழை வர்றது தவளைக்கே தெரியும். அதுக்கு ஒரு படிப்பா?"

"எந்தத் தவளை மொத நாளே வந்து ஒங்ககிட்ட சொல்லிச்சு, மாமா?"

படித்தாள். கொழும்பில் வானிலை அதிகாரியாக வேலையும் கிடைத்தது.

போன வருஷம் அவள் லீவில் வந்திருந்தபோது மலைநாட்டுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்தார்கள். தோட்டத்திலோ வழக்கம்போல வேலை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய், கூடியிருந்த பெண்கள் முன்னால் நின்றாள். "இன்னைக்கு மலைக்குப் போகாதீங்க" என்றாள். நம்பித் திரும்பினார்கள்.

அன்று வெறும் தூறல்தான். மழை முழுவதும் பூண்டுலோயா பக்கம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். அவளைக் கண்டாலே செல்லசாமி வெயிலில் குடையை விரித்துக் காட்டினார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அம்மா நாகலெட்சுமியோடு யாரும் பேசவில்லை.

"நீ போயிருவ. நாந்தானே இவங்களோட இருக்கணும்" என்று அம்மா அழுதாள்.

"நீங்க இங்க இருக்கிறதாலதாம்மா சொல்றேன். இன்னமும் சொல்லுவேன்."

சில மாதம் கழித்து அடுத்த எச்சரிக்கை. இந்தத் தடவை இதற்காகவே லீவு கேட்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாள். பெரட்டில் அவளைப் பார்த்ததும் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லோஜினி என்ற பெண் மட்டும் கேட்டாள்.

"கட்டாயம் வருமாக்கா?"

"கட்டாயம்னு சொல்ல முடியாது. வரலைன்னா திட்டுங்க. அடுத்த தடவையும் வந்து சொல்லுவேன், அப்பவும் திட்டுங்க."

தோட்டத்துத் துரை ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். "கொழும்புல ஒங்க கந்தோருக்கு எழுதுவேன்" என்றார்.

"எழுதுங்க சேர். பேரு சுதர்ஷினி. அம்மா நாகலெட்சுமி, ஒங்க மலையிலதான் கொழுந்து எடுக்கிறாங்க."

நாகலெட்சுமி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பாதிப் பேர் அவளோடு நின்றார்கள், மீதிப் பேர் மலையேறினார்கள். பகலில் வானம் உடைந்தது. மேல் மலையில் ஒரு துண்டு, தேயிலையோடும் பாதையோடும் சரிந்து ஆற்றில் விழுந்தது. ஏறியவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, காட்டைச் சுற்றி, அட்டைக் கடியோடு பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார்கள். ஒருத்திக்குக் கை முறிந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

துரை சொன்னபடியே எழுதிவிட்டார். கொழும்பில் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"லீவு நாள்ல எங்கம்மாகிட்ட பேசினேன், சேர். பக்கத்துல நின்னவங்களுக்கும் கேட்டிருக்கும்."

இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவள் சரி என்று சொல்லவில்லை.