கிணற்றடி மஸ்கட்டும் நக்லேயின் நேர்த்திக்கடனும்

நக்லே ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் குலை வெட்டும் கத்தரிகள் பெட்டியை விட்டு வெளியே வராது. ஐன் ஸ்னோபர் மலைச்சரிவில் இருக்கும் இந்த ஒயின் கூடம் ருலாவின் குடும்பத்துடையது. அவள் அப்பா போனபிறகு இப்போது அவள்தான் முதலாளி. பிரான்சில் ஒயின் படிப்பு முடித்து வந்தவள், முப்பத்து நாலு வயது. நக்லே அவள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அறுபத்து நாலு வயதில் இன்னும் சரிவின் கல்வரப்புகளைத் தானே அடுக்குகிறவர். டேங்க், பாட்டில், கணினி எல்லாம் அவளுக்கு. கொடியும் மண்ணும் அவருக்கு. எந்தத் தோட்டத்தில் என்றைக்குக் குலை அறுப்பது என்பதை மட்டும் யாரும் படிப்பால் முடிவு செய்வதில்லை. நக்லே வரிசைக்குள் போவார், பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு பழத்தைப் பிய்த்து மெல்லுவார், கொட்டையைக் கடித்துத் துப்புவார். "நாளைக்கு" என்பார். அல்லது "வியாழக்கிழமை" என்பார். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான்.

ஆனால் ஆகஸ்ட் ஆறாம் தேதிக்கு முன்னால் அவர் வாயில் திராட்சை படாது.

அவருக்கு நாலு வயதில் குடல் காய்ச்சல் வந்தது. கழுவாத பழத்தைத் தின்றதால் என்று அவர் அம்மா நம்பினாள். பிள்ளை பிழைத்தால், ஆண்டவர் உருமாறிய பெருநாளன்று கோயிலில் திராட்சை மந்திரிக்கப்படும் வரை வருஷாவருஷம் அவன் ஒரு திராட்சையும் தொடமாட்டான் என்று நேர்ந்துகொண்டாள். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் காத்திருந்தது. இப்போது இவர் ஒருவர்தான் மிச்சம். ஜூலையில் எல்லோரும் போகிறபோக்கில் கொடியிலிருந்து பிய்த்துப் போட்டுக்கொள்வோம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காய்ந்த அத்திப்பழத்தை எடுத்துக் கடித்துக்கொள்வார். சின்ன வயதில் ருலா அவர் மூக்குக்கு நேரே ஒரு குலையை ஆட்டிக்காட்டி ஓடுவாளாம். பிடித்தால் காதைத் திருகுவாராம், பழத்தைப் பிடுங்கமாட்டாராம்.

முன்பெல்லாம் இதில் சிக்கல் வந்ததில்லை. எங்கள் பறிப்பு ஆகஸ்ட் பன்னிரண்டுக்கு முன்னால் தொடங்கியதே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு ஜூலை மூன்றாம் வாரத்தில் கிழக்குக் காற்று இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பாலைவனத்தை அப்படியே வாரிக்கொண்டு வந்து கொட்டுகிற காற்று. நான் இங்கே பதினோரு வருஷமாக லேபிள், அட்டைப்பெட்டி, ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவன். கொடியைப்பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் போனில் வானிலையை மணிக்கு மூன்று தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் காற்று நின்றுவிடும் என்பதுபோல. நிற்கவில்லை. ஜூலை இருபத்தொன்பதாம் தேதி காலையில் ருலா கிணற்றடித் தோட்டத்திலிருந்து வேகமாக ஏறி வந்தாள். சாற்றின் சர்க்கரையை அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டியபடியே, மஸ்கட் திராட்சையில் சர்க்கரை ஏறிவிட்டது என்றாள். இரண்டு வாரம் முன்கூட்டியே.

கிணற்றடியில் இருபத்திரண்டு வரிசை வெள்ளை மஸ்கட். வைத்தது நக்லே, மகன் வஸீம் பிறந்த வருஷம், குழி தோண்டி, வேர்க்கன்று ஒவ்வொன்றையும் தன் கையால் நட்டவர். எங்கள் பாட்டில்களில் பேர் வாங்கித் தந்தது அந்த ஒயின்தான். அதை அறுக்கிற கெடு ரொம்பக் குறுகியது. சீக்கிரம் அறுத்தால் பச்சைத் தண்ணீர். தாமதித்தால் வாசனை வெந்து போய்விடும், அப்புறம் அதை அரக் என்கிற சோம்புச் சாராயம் காய்ச்சுகிற செம்புப் பானையில் கொட்டவேண்டியதுதான். நடுவில் இரண்டு நாளோ மூன்று நாளோ. அந்தச் சூட்டில் ஒரு நாள்கூட இருக்கலாம்.

"அப்ப மீட்டர் சொல்ற நாள்ல அறுத்துட வேண்டியதுதானே" என்று நான் கேட்டேன். ருலா அதை ஏற்கெனவே ஒரு தடவை செய்து பார்த்தவள். அந்தக் காற்றுக்கு இரண்டு வருஷம் முன்பு நக்லே குடலிறக்க ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தபோது அவள் அப்படித்தான் கருவியை நம்பி அறுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. ஒயினில் மஸ்கட்தான் இல்லை. அந்த வருஷத்து அரக்கை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

நக்லே வரப்பின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழுந்து பிக்கப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன், எனக்கும் அங்கே நிலைகொள்ளவில்லை.

அபூனா மித்ரி, எங்கள் ஊர்ப் பாதிரியார், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நக்லே சுற்றி வளைத்து, வெயிலில் ஆரம்பித்து, ஒரு கூடையை மட்டும் இன்றைக்கே மந்திரித்துத் தரமுடியுமா என்றார். பெருநாள் என்ன ஷேர் டாக்ஸியா, ஆள் நிறைந்தால் முன்னாடியே கிளம்ப, என்று அபூனா கேட்டார். பிறகு குழாயை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலு வயசுப் பையனுக்காக அம்மா நேர்ந்தது. அறுபத்திரண்டு வயசுக்காரனை அவிழ்த்துவிட எனக்கு அதிகாரம் உண்டு, நக்லே. வேணுமா?"

"நீங்க அவிழ்ப்பீங்க அபூனா. அம்மா திரும்பக் கட்டிருவா."

"அவ செத்து இருபது வருஷம் ஆச்சே."

"அதான் சொல்றேன். உயிரோட இருந்தா கெஞ்சியாவது பாத்திருப்பேன்."

அபூனா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஒரு பை தக்காளி கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் சிஹாம் சுரைக்காயைக் குடைந்துகொண்டிருந்தாள். நக்லேயின் மனைவி; ஊரில் ரோஜா ஜாம், ஆரஞ்சுப்பூத் தண்ணீர் என்றால் அவள் கைதான். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் தோட்டத்துப் பேச்சில் அவள் தலையிட்டதில்லை. அவளை யாரும் கூப்பிட்டதுமில்லை. நக்லே மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். ருலாவும் பின்னாலேயே வந்து நின்றாள். சிஹாம் அடுத்த காயை எடுத்துக் குடைந்தபடியே கேட்டாள்.

"ஏன் அபு வஸீம், கொட்டை பழமா?"

அபு வஸீம் என்றால் வஸீமின் அப்பா; இங்கே புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீ பாதி நேரம் கொட்டையைத்தானே கடிச்சுப் பாக்கறே. பழத்தை நான் தின்னுட்டுக் கொட்டையைத் துடைச்சுத் தர்றேன். கொட்டையைத் தின்னக்கூடாதுன்னு உங்கம்மா நேர்ந்தாளா?"

இதன்மேல் அரை மணி நேரம் வாதம் நடந்தது. கொட்டையில் ஒட்டியிருக்கிற சாறு என்ன கணக்கு என்று ருலா கேட்டாள். துடைத்தால் போகும் என்றாள் சிஹாம். குருவி பழத்தைத் தின்று கொட்டையை விடுகிறது, ஆகவே குருவியே ஒத்துக்கொள்கிறது என்று நான் சொன்னேன், யாரும் மதிக்கவில்லை. கடைசியில் நக்லே அபூனாவுக்கே போன் போட்டார். முப்பத்தோரு வருஷமாக மந்திரிக்கிறேன், ஒருத்தனும் என்னிடம் கொட்டையைக் கொண்டுவந்து நீட்டியதில்லை, அதனால் கொட்டை விஷயம் எனக்குத் தெரியாது, உன் பாடு என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். நக்லே அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் ஊர் சிரிக்கிற காட்சி. சிஹாம் முட்டிவலியோடு வரிசைக்குள் மெல்ல நடப்பாள், ஒரு பழத்தை வாயில் போடுவாள், கொட்டையை எடுத்து இடுப்பில் கட்டிய துணியில் தேய்த்துத் தேய்த்து உலர்த்தி அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடிப்பார். பறிப்புக்கு வந்து தங்கியிருந்த சிரியாக்காரப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெத்தலை மடிச்சுக் குடுக்கிற மாதிரி இருக்கே" என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். அங்கே அதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

முதல் நாள் கொட்டையின் நுனியில் பச்சை. இன்னும் கசக்கிறது என்றார். சிஹாமும், புளிப்பு தனியாக, இனிப்பு தனியாக நிற்கிறது என்றாள். இருவரும் ஒத்துப்போனார்கள். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள், ஜூலை முப்பத்தொன்று, காற்று ஒரு சொட்டு ஈரமில்லாமல் அடித்தது. சிஹாம் ஏழாவது வரிசையில் ஒரு பழத்தைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். இன்னொன்று. பிறகு அடுத்த வரிசையில் ஒன்று.

"இன்னிக்கு" என்றாள்.

நக்லே கொட்டையைக் கடித்தார். பாதி பழுப்பு, பாதி இன்னும் நெகிழ்வு. "ரெண்டு நாள் பொறு. கொட்டை இன்னும் வறுபடல."

"கொட்டை கிடக்கட்டும். ஆரஞ்சுப்பூவைத் தண்ணியில போட்டுக் கொதிக்கவைக்கும்போது முதல்ல ஒரு ஆவி வரும் பாரு, அந்த வாசனை இப்ப பழத்துல இருக்கு. அதை அப்ப பிடிச்சாப் பிடிச்சதுதான். அடுப்பைக் கொஞ்சம் விட்டா வெறும் வெந்நீர். நான் எத்தனை பானை கெடுத்திருக்கேன் தெரியுமா?"

"இது பானை இல்ல, தோட்டம்."

"இந்தக் காத்துல ரெண்டும் ஒண்ணுதான்."

ருலா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளும் அன்று பழம் தின்று பார்த்தவள்தான். எனக்குத் தெரியலை அம்மோ, போன தடவை நான் நல்லா இருக்குன்னு நினைச்சதுதான் தண்ணியாப் போச்சு, என்று மட்டும் சொன்னாள். அம்மோ என்றால் இங்கே சித்தப்பா. கூப்பிட்ட குரலில், நீங்களே சொல்லிவிடுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது.

நக்லே கொட்டையைத் துப்பிவிட்டுக் கடைசி வரிசை வரை நடந்தார். தன் கையால் நட்ட கொடிகள். ஒரு குலையைக் கையில் ஏந்தினார். ஒரே ஒரு பழத்தை வாயில் போட்டால் தீர்ந்துவிடும். எனக்குப் பயம் வந்தது. போட்டுவிடுவாரோ என்றா, போடமாட்டாரோ என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் குலையை முகர்ந்து பார்த்தார், கீழே விட்டார், திரும்பி வந்தார்.

"முப்பத்தாறு வருஷமா இவ சமையலைத் தின்னுட்டு இருக்கேன்" என்றார் ருலாவிடம். "ஒரு நாள் உப்பு தப்பினதில்ல. விடிஞ்சதும் அறுங்க."

விடிவதற்கு முன்பே கத்தரிகள் வெளியே வந்தன. வெயில் ஏறுமுன் கடைசிக் கூடையும் கூடத்துக்குள் போகவேண்டும், டேங்கைக் குளிர்விக்க ஜெனரேட்டர் ஓடவேண்டும். டீசல் போதுமா என்ற கவலையை எல்லோர் சார்பிலும் நான் பட்டேன். போதுமானதாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் ஒன்று மாதா பெருநாளுக்கு முந்தைய நோன்பு தொடக்கம். பருப்புச்சோறும் வெங்காயமும் தின்றோம். கடைசி வரிசையின் கோடியில் ஒரு கொடியை மட்டும் நக்லே அறுக்கவிடவில்லை. கோயில் கூடைக்கு என்றார். அது எப்போதும் கிணற்றடியிலிருந்துதான் போகும்.

அந்த ஒற்றைக் கொடியை அவர் தினமும் போய்ப் பார்த்துவந்தார். சிஹாமிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டாம் தேதி சாயங்காலம், அதாவது அவர் அறுத்திருக்கக்கூடிய நாள், போய்விட்டு வந்து வழக்கத்தைவிட அதிக நேரம் கை கழுவினார். தோல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னார். கொட்டை? நல்ல பழுப்பு, என்றார்.

ஆறாம் தேதி அந்தக் கொடியின் ஐந்து குலைகளைக் கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அபூனா ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். வெளியே மல்பெரி மர நிழலில் எல்லோருக்கும் பழம் பங்கிட்டார்கள். நக்லே தன் பங்கிலிருந்து ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். வருஷத்தின் முதல் பழம். அவர் முகத்தைப் பார்க்காமல் பார்ப்பதற்கு நானும் ருலாவும் பெரும்பாடு பட்டோம். தானும் ஒன்று தின்றபடி சிஹாம் பக்கத்தில் நின்றாள்.

"வெந்துபோச்சு" என்றார் அவர்.

"ஜாம்" என்றாள் அவள்.

"நான் சொன்ன நாளுக்கு விட்டிருந்தா பாதி அரக்குக்குத்தான் போயிருக்கும்."

"பாதின்னு சொல்றே. பெரிய மனசு."

அங்கிருந்து நேரே கூடத்துக்குப் போனோம். ருலா டேங்கின் குழாயைத் திறந்து, இன்னும் நுரைத்துக்கொண்டிருந்த கலங்கல் சாற்றைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தாள். குவளை அவர் கைக்கு வருமுன்பே வாசனை வந்துவிட்டது. கூடத்தின் சிமெண்ட் தரையில் யாரோ ஆரஞ்சுப்பூவைக் கொட்டி மிதித்தமாதிரி. நக்லே ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். குவளையை சிஹாமிடம் நீட்டினார். ருலா சுவரில் சாய்ந்து நின்று, இரண்டு வாரத்தில் முதல்தடவையாகக் கண்ணை மூடினாள். பிறகு நாங்கள் போய், நோன்புக்கு நடுவே அந்த ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட மீனை வறுத்துத் தின்றோம்.

ஒரு வாரம் கழித்துச் சிவப்பு வரிசைகளுக்கு நாள் பார்க்கவேண்டி வந்தது. ருலா இருவரையும் அழைத்தாள். இப்போது நக்லே வாய்க்கும் தடையில்லை, சிஹாமும் பழகிவிட்டாள். ஆறு வரிசை தாண்டுவதற்குள் மூன்று சண்டை. அவர் திங்கள் என்றார், அவள் சனி என்றாள். மேலே கூடத்து வாசலில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. எண்ணிக்கை தப்பியது. கடைசியில் பறிப்பு ஞாயிறு என்று முடிந்தது.