அரியலூரில் வரலாறு இல்லாதவர்கள்

அரியலூர், மே மாதம். ஜெர்மன் தத்துவமும் வரலாறும் பற்றிய கோடைப் பயிலரங்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. சிமெண்ட் லாரிகளின் புழுதி ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. எழுதி வைக்காத மக்களுக்கு வரலாறே கிடையாது என்று யாரோ ஒரு ஜெர்மானியர் சொன்னதை, சென்னைப் பேராசிரியர் தானே கண்டுபிடித்ததுபோல் முழங்குகிறார்.

விக்கிரமங்கலத்துப் பள்ளி ஆசிரியை செல்வி எழுந்து கேட்கிறார்: "எங்க அப்பா கூலி வேலைக்குப் போனவரு சார். ஊரு ஆளுங்களச் சேத்துக்கிட்டு நின்னு கூலிய உசத்த வச்சாரு. அத யாரும் எழுதலீங்க. அப்ப அது நடக்கவே இல்லீங்களா?"

"அதெல்லாம் டீ நேரத்துல பேசிக்கலாம்மா," என்கிறார் பேராசிரியர். அரங்கம் விசுவாசமாகச் சிரிக்கிறது.

செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் கிளம்புகிறேன். பஸ் நிறுத்தம்வரை ஒலிபெருக்கி எங்களைத் துரத்துகிறது. பேராசிரியர் மனித விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.