வாங்கில் இருந்த மகள்

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம். பால் பெட்டியில் போட்டிருக்கும் திகதியை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். நாங்கள் குடியேறியிருக்கும் லாசால் என்ற ஊரில் மகளின் கூடைப்பந்து அணிக்கு ஒரு யப்பானியப் பெண் பயிற்சியாளராக வந்தபோது, அவரையும் அப்படித்தான் பார்த்தேன்.

ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்வார். கையில் எப்போதும் எதையாவது எழுதிக்கொள்ள ஒரு சின்னக் கொப்பி. இவ்வளவு பணிவாக இருக்கிறவர்களை நான் இலேசில் நம்புவதில்லை.

வெள்ளி இரவு எனக்குத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் செய்யவேண்டியவற்றை மகளிடம் சொல்லிவிட்டுப் போவேன். சனி காலை வேலை முடிந்து நேரே விளையாட்டரங்குக்கு வருவேன். பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது மகள் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் இருப்பாள். ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரில் அவளை ஒருநாளும் நான் காணவில்லை. அவளைப்போலப் பந்து போட அந்த அணியில் ஆளில்லை என்று மற்றத் தாய்மாரே சொன்னார்கள். அப்படியென்றால் ஏன்? எங்கள் நிறமா? வெள்ளைக்காரத் தாய்மார் பயிற்சியாளருக்குக் கோப்பி வாங்கிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். அதுவும் மனதில் ஓடியது. கணவரிடம் சொன்னால் சும்மா இரும் என்பார். மகளிடம் கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்ப்பாள். பிள்ளையைப் பயப்படுத்தி வைத்திருக்கிறார் என்றே முடிவுகட்டினேன்.

ஒருநாள் மகள், “நான் இனி விளையாடப் போகேல்லை அம்மா” என்றாள். பந்தைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டாள். ஆறு வயதிலிருந்து அந்தப் பந்தோடு தூங்கியவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போய் ஆட்டம் முடியும்வரை நின்று பயிற்சியாளரைப் பிடித்தேன். என் மகளின் நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று நேராகவே கேட்டேன். இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒரே அளவு மோசம் என்பதால் நன்றாகவே விளங்கியது. அவர் கொப்பியைத் திறந்து காட்டினார். ஒன்பது மணிப் பயிற்சிக்கு யார் எப்போது வந்தார்கள் என்று எழுதியிருந்தார். ஏழு சனிக்கிழமையும் என் மகள் அரை மணித்தியாலம் பிந்தி வந்திருக்கிறாள். பிந்தி வருகிறவர் முதல் ஐந்தில் இல்லை. எல்லோருக்கும் அதுதான் விதி. காரணம் கேட்டதற்குப் போன கிழமைதான் வாய் திறந்தாளாம்: அண்ணாவின் ஜெர்சி காயவில்லை.

மகனுக்கு அதே அரங்கில் மதியம் ஆட்டம். அதற்குள் அவனுடைய ஜெர்சி தோய்த்துக் காய்ந்திருக்க வேண்டும்.

பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு மட்டும்தான் அணி. பெண்பிள்ளைகளும் சேரலாம், பையன்களின் உடுப்பைத் தோய்க்கவும் போத்தலில் தண்ணீர் நிரப்பவும். இவரும் நாலு பேரும் இரண்டு வருடம் கேட்டுக் கேட்டுத்தான் சனி விடியற்காலை ஒரு மணித்தியாலம் மைதானம் வாங்கினார்கள். ஒருத்தி பிந்தினாலும் அது திரும்பப் பையன்களுக்கே போய்விடும் என்பது நிபந்தனை. ஒருநாள் இவர்தான் பிந்தினார். முதல்நாள் தோய்த்த பையன்களின் உடுப்பை மடித்து முடிக்க நேரமாகிவிட்டது. மைதானம் போயிற்று.

எனக்காகவே கட்டிய கதையோ என்று அங்கேயும் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

“ஜெர்சியைத் தோய்க்கச் சொன்னது யார்?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

மகளிடம், இன்னும் ஒரு கிழமை மட்டும் போய்ப் பார் என்று கெஞ்சினேன். அவள் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை வேலைக்கு வெளிக்கிடும்போது மகனின் ஜெர்சியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்து மெஷினுக்கு இறங்கப் போனேன். மகள் வாசலில் நின்றாள்.

“நீங்களும் தோய்க்க வேண்டாம், அம்மா.”

ஜெர்சியை மகனின் கட்டிலில் போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் பத்து மணிக்கு அரங்குக்கு வந்தால் வாங்கில் மகள் இல்லை. வராமலே விட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். வழக்கமாக அவள் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் மைதானத்தின் நடுவில் அவளைக் கண்டேன்.