கட்டை இல்லாமல் போன ரோலர்

ரோடு ரோலர் வாடகை யார்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. லாரி வெள்ளிக்கிழமைதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். முழுசாக ஒரு நாள் இருக்கிறதே என்று டீசலக்கா அன்றைக்கு வண்டியைப் பாதி பிரித்துப் போட்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் வடிகட்டி குழாயடியில் வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. உருளையோடு ஒட்டி நின்று ஈரத்தைப் பரப்பும் நார்ப்பாயை உதறி மாட்டியாகிவிட்டது. உருளைக்கு முட்டுக் கொடுக்கிற இரண்டு மரக்கட்டைகளும் தார் அப்பி அப்பிக் கரிக்கட்டையாகக் கறுத்துப் போயிருந்தன. புது இடத்துக்குப் போகிற வண்டி, இந்த லட்சணத்திலா போவது என்று அவற்றையும் சுரண்டிக் கழுவி மதில் மேல் காய வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டுக் கதவைக்கூடத் துடைத்து வைப்பார்களே, அந்த மாதிரி.

யார்டுக்கு அவள் பெருக்க வந்தவள். ரோலரைக் கழுவ வேறு ஆள் கிடைக்காமல் அவளிடம் தள்ளிவிட்டார்கள். வந்த புதிதில் ஓட்டுநர் ஒருவர், தார் ஒட்டாமல் இருக்கட்டும் என்று உருளையில் டீசலை ஊற்றப் போனார். "டீசல் பட்டா புதுத் தார் கரைஞ்சு போயிடும்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க!" என்று அவள் கேனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மூடி திறந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை அபிஷேகம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் ஒரு ஈ கூட உட்காரவில்லை. பெயர் அப்படி ஒட்டியதுதான். எந்த சோப்புக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு ரோலர் அவள் கைக்குப் பழகிவிட்டது. சூடு ஆறுவதற்குள் உருளையில் ஒட்டிய தாரை மரக்கரண்டியால் சுரண்டுவாள். இரும்பு பட்டால் கீறல் விழும், கீறல் ரோட்டில் கோடாகத் தெரியும். வண்டியின் நடு மூட்டில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிப்பாள். தண்ணீர் பீச்சுகிற சின்னச் சின்னத் துளைகள் அடைத்துக்கொண்டால் ஊசிதான் மருந்து. வீட்டுக்காரர் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்ததால் ஊசிக்குப் பஞ்சமில்லை.

"என் ஊசியெல்லாம் எங்கடி போகுது?" என்பார் அவர்.

"ரோலருக்குச் சட்டை தைக்கறாங்க."

"அளவெடுக்க நானே வரேன்னு சொல்லு. இடுப்பு பெருசா இருக்குமே."

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. அதன் கை பிரேக். சமதளத்தில் சமர்த்தாக நிற்கும். சரிவில் நிறுத்தினாலும் உடனே பிடிக்கத்தான் செய்யும், ஏமாற்று வேலையே அங்கேதான். இறங்கி நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள், யாரும் பார்க்காத நேரத்தில், மெதுவாக நழுவத் தொடங்கும். கழுவுகிற இடம் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். ஒருநாள் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தவளின் செருப்பு நுனியை உருளை கவ்வியது. காலை உருவிக்கொண்டாள், செருப்பு அப்பளமானது. அன்றிலிருந்து கட்டை வைக்காமல் அவள் அந்த வண்டியின் பக்கம் குனிந்ததில்லை. பழைய ஓட்டுநருக்கும் அதே பழக்கம். அவர் வேலையை விட்டுப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது.

இப்போது வண்டி வாடகைக்குப் போவது மலைப் பாதைக்கு. சேதி கேட்டதுமே அவள் மேனேஜரின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், அந்த பிரேக்கைப் பாத்துட்டு அனுப்பலாமே. அங்க எல்லாம் ஏத்த இறக்கம்."

"பாக்கணும், பாக்கணும்" என்றார் மேனேஜர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். பார்க்கவில்லை. சரி, கட்டையாவது கூடப் போகும், ஓட்ட வருகிறவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

லாரி ஒரு நாள் முன்னதாக வந்து நின்றது. ஓட்டப்போகிறவர் வரவில்லை, அவர் அங்கேயே சேர்ந்துகொள்வாராம். சங்கிலி, பலகை, கூச்சல். ரோலர் பலகையில் ஏறுகிறபோது டீசலக்கா குழாயடியில் இருந்தாள். வாளிக்குள் வடிகட்டி! ஈரக் கையோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"அண்ணே, நிறுத்துங்க! இது இல்லாம போனா குப்பை ஏறி எல்லாத் துளையும் அடைச்சுக்கும்!"

"ஏம்மா தங்கச்சி, கல்யாண வீட்ல தாலியை மறந்த மாதிரி வர்றே" என்றார் லாரிக்காரர். ஆனாலும் இன்ஜினை நிறுத்தினார்.

அவள் லாரி மேல் ஏறி வடிகட்டியைப் பொருத்தினாள். மூடியைத் திருகி, இன்னொரு தடவை இறுக்கி, உருளையில் இருந்த ஒரு மண் பொட்டைக்கூட முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கினாள். நல்லவேளை, நினைவு வந்ததே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். லாரி கேட்டைத் தாண்டி, வளைவு திரும்பி, புழுதி அடங்கிய பிறகுதான் முகம் துடைக்கத் திரும்பினாள்.

மதில் மேல் இரண்டு கட்டைகளும் பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தன.

ஓடினாள். ரோட்டில் யார் இருந்தார்கள்? ஒரு நாயும் ஒரு பால் வண்டியும்.

மேனேஜர் சிரித்தார். "கட்டைதானேக்கா? மலையில கல்லுக்கா பஞ்சம்?"

"கல்லு இருக்கும் சார். வைக்கணும்னு அவருக்குத் தெரியணுமே. நம்பர் குடுங்க, நானே பேசிக்கறேன்."

"அவங்க ஆளு, என்கிட்ட ஏது நம்பர்?"

"அப்ப அந்த கம்பெனிக்காவது நீங்க ஒரு வார்த்தை..."

இப்போது மேனேஜர் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். குரல் இறங்கியது. "பிரேக் சரியில்லைன்னு சொன்னா நாளைக்கே வண்டியைத் திருப்பி அனுப்புவான். அப்புறம் இங்க கழுவ என்ன இருக்கும், உங்களுக்கு? எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்க." சொன்னது அவருக்கே பிடித்துப்போய் மறுபடி சிரித்தார்.

அவள் திரும்பி வெளியே வந்தாள். அந்த வேலையில்தான் மகளின் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் பாதி நாள் சும்மா கிடந்தது.

லாரிக்காரர் மறுபடி யார்டுக்கு வந்தபோது ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்ட அண்ணே விட்டீங்க?"

"தொப்பி போட்ட ஒருத்தன் கையெழுத்துப் போட்டான். ஓட்டறவனான்னு தெரியல."

"திரும்ப அந்தப் பக்கம் போவீங்களா?"

"இப்போதைக்கு இல்லம்மா. லோடு வந்தாத்தான்."

தன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். "போனா ஓட்டறவர்கிட்ட குடுங்க. கை பிரேக்கை நம்ப வேணாம், உடனே எனக்குக் கூப்பிடச் சொல்லுங்க. மறந்துடாதீங்க."

"மறப்பேனா?" என்று அவர் அதைக் கண்ணாடிக்கு மேலே செருகினார். அங்கே ஏற்கெனவே ஒரு கத்தைக் காகிதம் செருகியிருந்தது.

வீட்டில் சொன்னாள். அவர் பாதத்தால் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"நீ சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்ட இல்ல?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"காதுல விழுந்துச்சு. உள்ள போகலங்க."

அவர் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நூலைக் கோக்கத் தொடங்கினார். நூல் ஊசிக்குள் போகவே இல்லை.

யார்டில் அவளைப் பழையபடி பெருக்கவும், தார்க் கொப்பரைகளைத் தேய்க்கவும் விட்டார்கள். பஸ் சரிவில் நின்றால் அவள் கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும். மேட்டில் நிறுத்திய எந்த வண்டிக்குப் பின்னால் நடக்கவும் மனம் வராது. தெருவில் யாராவது தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் ஒரு கல்லைத் தேடிச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு வருவாள். "உங்கம்மாவுக்குக் கல்லு பைத்தியம் பிடிச்சுடுச்சு" என்று மகளிடம் அப்பா சொல்வார். மகள் சிரிக்க மாட்டாள். கம்பெனியின் நம்பரைத் தேடி மகளே இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். ஒருமுறை எடுத்த பெண், "எந்த சைட்டும்மா? எங்களுக்கு நிறைய சைட் இருக்கே" என்று கேட்டாள். தெரியவில்லை. மலை என்றுதான் தெரியும்.

மழைக்காலம் வந்து போனது. யார்டுக்குப் புதிய ரோலர் ஒன்று வந்தது, நல்ல பிரேக்கோடு. பழையது திரும்பவில்லை. கேட்டபோது மேனேஜர், "அது அங்கேயே வித்தாச்சுக்கா" என்றார். சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கோடையில், மதியம், புதிய வண்டியின் துளைகளில் ஊசி விட்டுக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வணக்கம் அக்கா. லாரிக்கார அண்ணன் இப்பதான் உங்க நம்பர் குடுத்தாரு. உங்க யார்டு ரோலரை ஓட்டினது நான்தான். போன வருஷம் மேட்டுல நிறுத்திட்டு சாப்பிடப் போனேன். வண்டி தானா இறங்கிடுச்சு. கீழ நிழல்ல படுத்திருந்தவருக்குக் கால் போயிடுச்சு. நான் பிரேக் போடாம இறங்கிட்டேன்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நான் போட்டேன் அக்கா. இழுத்தது கைக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வீட்லகூட யாரும் நம்பல. தினமும் அந்த வண்டியைப் பாத்தவங்க நீங்கதானாம். நான் போட்டேன்னு நீங்களாவது நம்புவீங்களா?"