சகலையின் மூன்று ஏரிகள்

என் சகலை மலை ஏறியதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இறங்கி வந்தவர் அதைப் பற்றிப் பேசினார் பாருங்கள், அங்கேதான் தொடங்கியது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தின் கடைசி வருடங்கள் அவை. நான் கடலோரம் ஜெராமுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், கோலா குபு பாருவுக்கு அப்பால் மலையடியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு தோட்டங்களும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. ஆனால் எங்கள் பகுதியை அரசாங்கம் ‘வெள்ளை’ என்று அறிவித்துவிட்டது. ஊரடங்கு இல்லை, சோதனை இல்லை, யார் எத்தனை தூக்குச்சட்டி கொண்டுபோனாலும் கேட்பாரில்லை. அவர் பகுதி இன்னும் ‘கறுப்பு’. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக்கூடாது என்று அங்கே ஒவ்வொரு தோட்டத்துக் கேட்டிலும் காவல்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவருக்கு மலை இருந்தது. எங்கள் தோட்டத்தில் இருந்ததிலேயே உயரமான இடம், கடல்தண்ணீர் உள்ளே வராமல் கட்டியிருந்த வரப்பு. அதன்மேல் ஏறி நின்றால் மாட்டு முதுகு தெரியும்.

அந்தத் தீபாவளிக்கு ஜெராமில் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். நான் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தேன். வாசகசாலையில் படித்தது, பத்திரிகையில் படித்தது, படிக்காமலே தெரிந்துகொண்டது என்று என்னிடம் சரக்குக்குக் குறைவில்லை. என் மனைவி அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உலக நிலவரம் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை ஒரே சீராக நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மாமனார், “நீங்க மலைக்குப் போனீங்களாமே மாப்ள” என்று சகலையைக் கேட்டார்.

“ஆமா மாமா. சும்மா, ஒத்தையாப் போனேன். மேல மூணு ஏரி இருக்கு. அந்தக் காலத்துல ஈயம் எடுக்கத் தண்ணி தேக்கி வெச்சதாம்.”

“எப்படி இருந்திச்சு?” இதைக் கேட்டது என் மனைவி.

“மொத ஏரி நம்ம தோட்டத்துக் குளமாட்டந்தான்க்கா. ரெண்டாவதுல தண்ணி கறுப்பா இருக்கும். மூணாவது…” என்று நிறுத்தினார். “மூணாவது நல்லாத்தான் இருந்திச்சு.”

“நல்லாத்தான்னா எப்படி?”

“சொல்லத் தெரியலக்கா. போய் நின்னா பேச்சு வரல.”

அரிவாள்மனை நின்றிருந்தது. என் மனைவி பாதிக் கத்திரிக்காயைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசிய எந்தப் பேச்சுக்கும் அந்தக் கை நின்றதில்லை. சொல்லத் தெரியவில்லை என்று சொன்ன ஒருவருக்காக நின்றது. அந்தக் கையை எனக்காக ஒரு தடவை நிறுத்திக் காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் பிறந்தது. பட்டினத்தார் வைராக்கியம் அல்ல, சகலை வைராக்கியம்.

“நானும் போகலாம்னு இருக்கேன்,” என்றேன்.

“எங்கங்க?” என்றாள் மனைவி.

“அந்த ஏரிக்குத்தான். தனியா.”

மாமனார் என் வயிற்றைப் பார்த்தார். சகலைதான் நல்ல மனிதராக, “வாங்கண்ணே, ஸ்டேசன்ல சொல்லி நானே பெர்மிட் வாங்கித் தர்றேன். இருட்டறதுக்குள்ள இறங்கிடணும், அவ்வளவுதான்” என்றார். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்குக்கூட அவர் தயவு வேண்டியிருந்தது. “ஒன்னு மட்டும்ண்ணே. சாப்பாடு கீப்பாடு எடுத்துக்கிட்டு வராதீங்க. நம்ம வீட்டுல வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு ஏறுங்க, எறங்கி வந்து சாப்பிடுங்க.”

இதை நல்ல மனசுள்ளவன் கேட்டால் ஒரு விதமாகப் புரியும். எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. நான் மலை ஏறியதை இவர் நாளை ஜெராமில் எப்படிச் சொல்வார்? ‘அண்ணன் நம்ம வீட்டுச் சோத்தச் சாப்பிட்டுத்தான் ஏறினாரு.’ என் ஏற்றத்தில் பாதி அவர் கணக்கில் போய்விடும். அது நடக்காது என்று முடிவு செய்தேன்.

கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் பட்டாளத்துப் பை ஒன்று வாங்கினேன். முதுகில் மாட்டுவது. பச்சை நிறம், ஏகப்பட்ட வார்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் முதுகில் இப்படிப் பை மாட்டிக் காட்டோரம் நடந்தவர்கள் இரண்டே வகை: காட்டுக்குள் இருந்தவர்கள், அவர்களைத் தேடிப் போனவர்கள். சகலைமேல் பொறாமை கொண்டு நடந்தவன் என்ற மூன்றாம் வகையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஒத்திகைக்குக் கோலா சிலாங்கூர்க் கோட்டைக் குன்றுக்குப் போனேன். மூச்சு வாங்கத் தொடங்கும்போதே உச்சி வந்துவிடும் குன்று அது. பையில் கனத்துக்குத் தேங்காய்களை வைத்திருந்தேன். கலங்கரை விளக்கத்தின் அடியில் உட்கார்ந்து, மலையேறியவன் பார்ப்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த குரங்குகள் பின்னால் வந்து பை வார்களை அவிழ்த்தன. எந்த வார் எதற்கு என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு முதல்நாள் மனைவியிடம் கட்டுச்சோறு கேட்டேன்.

“அவருதான் எடுத்துட்டு வரவேணாம்னாரே?”

“அவரு சொன்னா வேதவாக்கா?”

என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புளி கரைக்கப் போனாள். கோபம் இருந்தாலும் அவள் அளவு குறைத்துச் சமைக்கிறவள் இல்லை. ஒரு பெரிய பொட்டலம் புளிச்சோறு, அவித்த முட்டைகள், தேங்காய்த் துவையல், ஒரு முழு ரொட்டி. அவற்றோடு கடையில் நானே ஒரு மத்தி மீன் டின் வாங்கி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது பை என் காலடியில் இருந்தது. ரோட்டில் இரண்டு இடத்தில் நிறுத்தி அடையாளக் கார்டைப் பார்த்தார்கள். பையைப் பார்க்கவில்லை. அதை நான் ஆண்டவன் என் பக்கம் இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு சகலை வீட்டில் படுத்தேன். விடியுமுன்பே எழுந்து கொழுந்தியாள் இட்லி அவித்து, கோழிக் குழம்பு வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லித் தண்ணீர் மட்டும் குடித்தேன். குழம்பு வாசத்தோடு தெருவில் இறங்கி நடந்தது, அன்றைய மலையேற்றத்தைவிடக் கடினமான காரியம். சகலைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. “கேட்டுல பெர்மிட்டக் காட்டுங்கண்ணே, விட்டுருவாங்க” என்று அனுப்பினார்.

மலைக்குப் போகும் பாதை தோட்டத்தின் பின்கேட் வழியாகத்தான் தொடங்கும். அங்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆண்களை ஒரு மாத்தாவும், அதாவது போலீஸ்காரரும், பெண்களை ஒரு அம்மாவும் தடவிப் பார்த்துச் சோதித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போத்தல். அதில் கடுங்காப்பி, அதுவும் சர்க்கரை இல்லாமல். சர்க்கரையும் காட்டுக்குள் போகக்கூடாதாம். இதைப் பார்த்தபோதுதான் என் முதுகில் இருந்த பை திடீரென்று கனக்க ஆரம்பித்தது. வெள்ளைப் பகுதியில் வாழ்ந்து பழகியவன் சோற்றை ஒரு குற்றமாக நினைப்பதை மறந்துபோயிருந்தேன். சகலை எனக்குச் சொன்னது விருந்து உபசாரம் இல்லை, சட்டம்.

திரும்பிப் போகலாம் என்றால் எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. மாத்தா என் பையைத் திறந்தார். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். முட்டைகளை வைத்தார். துவையலை முகர்ந்து பார்த்து வைத்தார். ரொட்டியை வைத்தார். கடைசியாக மத்தி டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் பகுதியில் கடைக்காரன் டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்கவேண்டும், யாரும் சேர்த்து வைக்கக்கூடாது என்பதற்காக. என் டின் பிறந்தமேனிக்கு இருந்தது. வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. என் வேலை போவதும், ஜெயில் கதவு சாத்துவதும், சகலை என்னை ஜாமீனில் எடுப்பதும் வரிசையாகக் கண்முன் வந்தன. மூன்றாவதுதான் தாங்க முடியவில்லை.

பெர்மிட்டைப் பார்த்த மாத்தா மலாயில் கேட்டார். நான் சிக்குவின் அண்ணனா? சிக்கு என்றால் வாத்தியார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு வலித்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிக்கு நல்ல மனிதர் என்றார். டின்னில் கத்தியால் ஒரு குத்துக் குத்தி என் முன்னால் வைத்தார். இதெல்லாம் கேட்டைத் தாண்டக்கூடாது, வயிற்றில் இருந்தால் பரவாயில்லை என்று சைகை காட்டினார்.

விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் மனைவி செய்த சோற்றைக் கேட்டில் எறிந்தேன் என்ற செய்தி கொழுந்தியாள் வழியாக எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். மேசை ஓரமாக நின்றபடியே சாப்பிடத் தொடங்கினேன்.

“யாருப்பா இவரு?”

“வாத்தியாரோட சகலையாம். கெராணியாம்.”

“அவங்க தோட்டத்துல சோறு போட மாட்டாங்க போல.”

“மெதுவா சாப்பிடுங்க லா அண்ணே,” என்றாள் ஒரு பெண், பால்வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு. “மலை எங்கயும் ஓடிப்போவாது.”

“முட்டைய முழுசா முழுங்கறாரு பாரு. பாம்பு கணக்கா.”

சோதனை முடிந்தவர்களும் போகவில்லை. அவர்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து விரட்டினார். பிறகு அவரும் நின்று பார்த்தார். ரொட்டியின் பிற்பாதியை மத்தி எண்ணெயில் தொட்டு விழுங்கியபோது யாரோ கைதட்டினார்கள்.

அப்படியாக, என் வாழ்க்கையின் முதல் தனிப் பயணம், பட்டாளத்துப் பை முதுகில் காலியாகவும் மற்றது முன்பக்கம் நிறைந்தும் தொடங்கியது. ஒற்றையடிப் பாதை. மூங்கில், அட்டை, வழுக்குப் பாறை. காட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று நினைவு வந்தது. ஆனால் பயப்படுவதற்கும் வயிற்றில் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதல் ஏரி தோட்டத்துக் குளம்போல்தான் இருந்தது. எனக்கு உற்சாகமாகிவிட்டது. இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று கேட்க ஒரு வாக்கியம்கூடத் தயாரித்தேன். இரண்டாவதில் தண்ணீர் கறுப்பு. சொன்னபடியே இருப்பதில் ஒரு மனிதருக்கு என்ன பிடிவாதமோ. மூன்றாவது அதைவிடச் சிறியதாக, பாசி பிடித்து, ஒரு செத்த நாயாவது மிதந்துகொண்டு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன்.

பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. எதிரே மூன்றாவது ஏரி.

பெரியது. அவர் சொன்னதிலிருந்து நான் கற்பனை செய்ததைவிட மிகப் பெரியது. மஞ்சு தண்ணீர்மேல் படிந்து, மெதுவாக ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது விலகிய இடத்தில் மலை தலைகீழாக நின்றது. ஒரு சத்தமில்லை. வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். கூட்டிச் சொல்லியிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன். குறைத்துச் சொன்னவரை என்ன செய்வது?

நான்காவது ஏரி ஒன்று இருக்கவேண்டும், அதை அவர் பார்த்திருக்கக்கூடாது என்று மேலும் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தேன். இருந்தது. காட்டுப் பன்றிகள் புரண்ட சேற்றுக் குழி.

இருட்டுவதற்குள் இறங்கி, கொழுந்தியாள் வைத்திருந்த கோழிக் குழம்பைப் பேசாமல் சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு மறுபடி மாமனார் வீட்டில் கூடினோம். மூன்றாவது ஏரியைப் பற்றி நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். என் மனைவி பூசணிக்காயை ஒரே சீராக நறுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சு, கண்ணாடி, மௌனம் எல்லாம் வந்துபோயின. கை நிற்கவில்லை.

“அந்தக் கேட்டு விசயத்தச் சொல்லுங்கண்ணே,” என்றார் சகலை.

அவர் சொல்லியிருக்கலாம். ஊரே அவரிடம் சொல்லியிருந்தது. ஆனாலும் என்னிடமே விட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். பொட்டலம் வெளியே வந்தபோது நறுக்குவது மெதுவானது. ஓட்டையில்லாத டின் வந்தபோது நின்றது. முட்டைக்கு வந்தபோது அவள் அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமனாருக்குப் புரையேறியது.

“எனக்கு இப்படி ஒன்னும் நடக்க மாட்டேங்குதேண்ணே,” என்றார் சகலை. அவர் குரலில் உண்மையாகவே கொஞ்சம் ஏக்கம் இருந்தது. அதை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்து வரும்போது மனைவி கேட்டாள்: “அந்த மூணாவது ஏரி. நெசமா எப்படிங்க இருந்திச்சு?”

சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது கைக்கு வரவில்லை.

“நல்லாத்தான் இருந்திச்சு,” என்றேன்.

அவள் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தையையும் அவர் எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்.