ஸ்ரீரங்கத்து வீட்டில் மூடிய வால்வு

1. சாம்பிராணிக் கேள்வி

வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் மாட்டுகிறவன் என்று சொன்னால் திருச்சியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "சாம்பிராணி போட்டா தண்ணி ஊத்துமாங்க?"

ஊற்றாது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சீலிங்கில் தெரியும் ஒவ்வொரு ஹெட்டிலும் சிவப்புத் திரவம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அங்கே சூடு அறுபத்தெட்டு டிகிரியைத் தொட்டால் அது உடையும். அந்த ஒரு ஹெட்டில் மட்டும் தண்ணீர் கொட்டும். இதைப் பொறுமையாக விளக்கி முடித்ததும் இரண்டாவது கேள்வி வரும்: "அப்ப தாளிச்சா?"

நான் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களில் பைப் ஃபிட்டராகத் தொடங்கி, துபாயில் பன்னிரண்டு வருடம் மாடி மாடியாக ஸ்பிரிங்க்ளர் மாட்டிவிட்டு ஊர் திரும்பியவன். அந்தப் பன்னிரண்டு வருடத்தை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் குறைந்தது மூன்று தடவை சொல்லிவிடுவேன். கீழே வரப்போகும் முட்டாள்தனத்தைப் படிக்கும்போது அந்த அனுபவத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. அக்னிக்கு மேலே வருணன்

ராகவன் சார் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஸ்ரீரங்கத்தில் புது வீடு கட்டினார். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஃபோனிலேயே அடம்பிடித்ததால் ஸ்பிரிங்க்ளர் போட ஒப்புக்கொண்டார். மகன் அடம்பிடித்ததற்குக் காரணம் தாத்தா. சாரின் அப்பாவுக்கு இரண்டு காலும் வராது. கட்டிலில் இருந்தபடி கண்ணாலும் காதாலும் வீடு முழுக்கச் சுற்றிவருவார். தீப்பிடித்தால் அவரால் எழுந்து ஓட முடியாது, அதனால் தண்ணீர்தான் அவரிடம் வரவேண்டும். வேலையின் சாராம்சம் அவ்வளவுதான்.

கிரகப்பிரவேசத்தன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஹாலில் ஹோம குண்டம். நேர் மேலே என் ஹெட். வீட்டில் அவ்வளவு இடம் இருந்தும் சரியாக அங்கேதான் குண்டம் வைத்திருந்தார்கள். ஹோமம் நடத்த வந்த வாத்தியார் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன ஓய், கீழ அக்னியை ஆவாஹனம் பண்றச்சே மேல வருணன் உக்காந்துண்டு இருந்தா எப்படி?"

நான் துபாய் அனுபவத்தோடு புன்னகைத்தேன். ஆனால் ஹோமத்தின் கடைசியில் பூர்ணாஹுதிக்கு நெய் கொட்டினால் ஜுவாலை எவ்வளவு உயரம் எழும் என்று துபாயில் யாரும் சொல்லித்தந்ததில்லை.

"முருகேசன், பட்டுப்புடவையெல்லாம் வந்துருக்கு. நனைஞ்சா என் கதை முடிஞ்சுது" என்றார் சார்.

"கவலைப்படாதீங்க சார். வால்வை மூடிடறேன். ஹோமம் முடிஞ்சதும் நானே திறந்துடறேன். இங்கதானே இருக்கேன்."

மெயின் வால்வு வாசலை ஒட்டிய நடையான ரேழியில், பெரியவர் அறை வாசலுக்கு எதிரே. மூடினேன். ஹோமம் நன்றாக நடந்தது. பிறகு பந்தி. அக்காரவடிசல் வந்தது. நெய் விரல் வழியாக முழங்கைக்கு ஓடியது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். வெற்றிலை போட்டுக்கொண்டு, சார் கொடுத்த தாம்பூலப் பையோடு டிவிஎஸ்ஸை எடுத்து வீடு போய்ச் சேர்ந்தேன். நல்ல தூக்கம் வந்தது.

3. சர்வீஸ் ரிப்போர்ட்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். முதல் சர்வீஸுக்கு ஃபோன் செய்தேன். "ஒரு சொட்டு கசியல. எதுக்கு வெயில்ல அலையறேள்?" என்றார் சார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது. உட்கார்ந்த இடத்திலேயே ரிப்போர்ட் எழுதினேன். பிரஷர் சரி, டிக். ஹெட்டுகள் சரி, டிக். வால்வு திறந்திருக்கிறது, டிக். அழகான கையெழுத்து வேறு.

அடுத்த மாதம் ஒரு காலை பத்து மணிக்கு மாமியிடமிருந்து ஃபோன். சாரின் மனைவியைத்தான் சொல்கிறேன். அழுதுகொண்டே பேசினார். வீட்டுப் பூஜை அறையில் பெருமாள் விளக்கில் திரைச்சீலை பற்றி, மர அலமாரிக்கு ஏறிவிட்டது. மேலே இருந்த ஹெட் கடமை தவறாமல் உடைந்தது. பைப்பில் மிச்சம் இருந்த தண்ணீர் ஒரு நிமிஷம் சீறியது, அத்தோடு நின்றுவிட்டது. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும்போது பிடித்துவைத்த அண்டாவைத்தான் மாமி தூக்கிக் கவிழ்த்திருக்கிறார். சார் தன் அப்பாவைப் படுக்கையோடு சேர்த்து வாசல்வரை இழுத்துப்போயிருக்கிறார். என் பன்னிரண்டு வருட அனுபவத்தின் வேலையை ஒரு அண்டா செய்திருந்தது.

வெல்டர் சலீம் பாயைக் கூட்டிக்கொண்டு பறந்தேன். நேராக ரேழிக்குப் போய் வால்வைப் பார்த்தேன். நான் மூடினபடியே இருந்தது. பாயும் பார்த்துவிட்டார். காதோடு சொன்னார்: "ஏர் லாக்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் சொன்னேன்.

"சார், பைப்புல காத்து அடைச்சு ஏர் லாக் ஆயிருக்கு. சில சமயம் இப்படி…"

பெரியவரை மறுபடி படுக்கவைத்திருந்த அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. புகை இன்னும் பெரியவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. இருமி முடித்து நிதானமாகக் கேட்டார்:

"முருகேசா, அன்னிக்கு அக்காரவடிசலை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டியே. அதுக்கப்பறம் வந்து குழாயைத் திறந்தியோ?"

நான் அறை வாசலுக்குப் போனேன். "பாத்துட்டே இருந்தீங்களா ஐயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ துபாய் எக்ஸ்பர்ட்டாச்சே. மூடித்தான் வெச்சுக்கணும் போலருக்குன்னு இருந்துட்டேன்."

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய் ரிப்போர்ட் உட்பட. அவர் கருகிய சுவரையும் அப்பாவின் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

4. சாவி

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வால்வை மூடினால் ஞாபகத்தை நம்பாதீர்கள். வண்டிச் சாவியை அந்த வால்விலேயே மாட்டுங்கள். திறக்காமல் வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் நடந்து போகலாம். பார்க்காத வால்வுக்கு டிக் போடாதீர்கள்.

போன மாதம் அதே வீட்டில் பெரியவருக்கு ஆயுஷ்ய ஹோமம். என்னை எதற்கு மறுபடி கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வால்வை மூடிச் சாவியை மாட்டினேன். ஹோமம் முடிந்தது, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்காரப்போனேன். சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் பரிமாறுகிறவரைக் கையமர்த்தினார்.

"முருகேசா, சாவி எங்க?"

அப்படியே ரேழிக்குப் போனேன். திறந்தேன். திரும்பிவந்து சாவியை அவர் முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"சரி, இப்போ அவனுக்கு இலை போடுங்கோ" என்றார்.